பல் டாக்டர் நாற்காலியில் ஒரு இன்டர்வியூ

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அந்தப் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பல்வலியோடு யாரும் போய்விடக் கூடாது. போனால், காத்திருக்கும் அறை முழுக்கப் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பெரியவர், பரீட்சை தனக்குத்தான் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படிப்பைப் பாதியில் விட்டுவிடுவார்களோ என்று பள்ளிக்கூடம் பயப்படுகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு துணை என்பது அங்கே ஏற்பாடு. கடைசிப் பரீட்சையை எழுதி முடிக்கிறவரை கூட இருப்பது, அதற்கப்புறம் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பது, இவ்வளவுதான் வேலை. சம்பளம் கிடையாது. நல்ல பெயரும் அநேகமாகக் கிடையாது.

இடம் தேடி அலைந்து எங்கும் கிடைக்காதபோது, "ஞாயித்துக்கிழமை என் கிளினிக் சும்மாதானே கிடக்குது" என்று சாவியைத் தூக்கிக் கொடுத்தவர் பல் டாக்டர். அன்று முதல் அந்தப் பிள்ளைகள் தங்கள் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பதெல்லாம், ஈறு வீக்கத்தின் நான்கு கட்டங்களைக் காட்டும் படத்துக்குக் கீழேதான்.

துணையாக வருகிறவர்களில் ஒருத்தியை எல்லோரும் லிஃப்ட் அக்கா என்று கூப்பிட்டார்கள். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் அவசர அழைப்பு மேசையில் அவளுக்கு வேலை. எங்காவது இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் பொத்தானை அமுக்கினால், மறுமுனையில் கேட்பது அவள் குரல்தான். மெக்கானிக் போய்ச் சேருகிறவரை ஆளைப் பேச்சில் வைத்திருக்க வேண்டும். அழ விடக் கூடாது, கதவை நெம்ப விடக் கூடாது. "பயப்படாதீங்க" என்று மட்டும் அக்கா சொல்லவே மாட்டாள். அப்படிச் சொன்னால்தான் பயப்பட வேண்டும் என்ற ஞாபகமே ஆளுக்கு வரும் என்பது அவள் கட்சி. அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்பாள். எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள், கையில் என்ன இருக்கிறது, வீட்டில் யார் யார் என்று அடுக்கிக்கொண்டே போவாள். பதில் சொல்லிக்கொண்டிருக்கிற வாய் கத்தாது. இருபது வருஷமாக இதே வேலையாகச் செய்ததில், வீட்டிலும் கடையிலும் அவளால் கேள்வி கேட்காமல் இரண்டு நிமிஷம் இருக்க முடியாது. கணவர் இதற்கென்றே காது மந்தமானவர்போல நடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.

இப்பேர்ப்பட்டவளுக்குத் துணைப்பிள்ளையாக வந்து வாய்த்தது, பல் டாக்டர் 'வக்கீல்' என்று பட்டம் கட்டிய பெண். பதினேழு வயது. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்வாள். கிளினிக்குக்கு வந்த முதல் நாளே, சுவரில் ஒட்டியிருந்த "ஒரு நாளைக்கு இரண்டு முறை பல் தேய்க்கவும்" என்பதைக் காட்டி, "ராத்திரி சாப்பிடாதவங்க எதுக்கு டாக்டர் ரெண்டாவது தடவை தேய்க்கணும்?" என்று கேட்டு அவரைக் கால் மணி நேரம் நிற்க வைத்தவள். அவருக்கு அவள்மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

இன்டர்வியூ பழக்கம் தொடங்கியது தற்செயலாக. முன்னறையில் ஒருநாள் இடமில்லாமல் அக்காவும் வக்கீலும் உள்ளறைக்குப் போனார்கள். அங்கே இருந்தது டாக்டரின் சக்கர ஸ்டூலும், நோயாளி சாய்ந்துகொள்ளும் அந்தப் பெரிய நாற்காலியும்தான். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். வக்கீல் நாற்காலியில் ஏறிச் சாய்ந்தாள். தலைக்கு மேலே விளக்கு, பக்கத்தில் தட்டு நிறையக் கொக்கியும் ஊசியும்.

"உன்னைப் பத்தி சொல்லும்மா" என்று அக்கா விளையாட்டாக ஆரம்பித்தாள்.

அப்படி வளர்ந்ததுதான். இந்த நாற்காலியில் வாயைத் திறந்து தைரியமாகப் பேசுகிறவளை வேறெந்த நாற்காலியும் ஒன்றும் செய்துவிட முடியாது என்று அக்காவுக்குப் பட்டது. மற்ற துணைகளுக்கும் இது பிடித்துப்போய், ஞாயிறுதோறும் உள்ளறைக்கு வரிசை நின்றது. ஒவ்வொரு பிள்ளையாகச் சாய்ந்து படுத்து, விளக்கைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நான் கடின உழைப்பாளி" என்று கூரையிடம் சொன்னது. வக்கீல்தான் அதில் முதல். எந்தப் பக்கம் கேட்டாலும் பதில் வரும். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க 'ஆள் தேவை'ன்னு போர்டு பார்த்தாலும் சும்மா உள்ள போய் பேசிப் பழகு" என்று உற்சாகத்தில் சொல்லியும் வைத்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் தாமதமாக வந்தாள். கையில் புத்தகப் பை இல்லை. முகத்தில் ஆயிரம் விளக்கு.

"அக்கா, எனக்கு வேலை கிடைச்சிருச்சு."

"என்ன வேலை? யாரு குடுத்தா? எங்க?" என்று அக்கா வழக்கப்படி மூன்றாகக் கேட்டாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பெரிய டைல்ஸ் ஷோரூம் இருக்குல்ல, அங்க. ஆள் தேவைன்னு போர்டு போட்டிருந்தாங்க. நீங்க சொன்னீங்கள்ல, சும்மா உள்ள போய் பேசுன்னு. சும்மாதான் போனேன். மேனேஜர் ஒரு வாஷ்பேசினைக் காட்டி, 'இதை எனக்கு விக்கிற மாதிரி பேசு பார்ப்போம்'னாரு. நான் விக்கவே இல்லக்கா. 'வீட்டுல யார் யார் சார் முகம் கழுவுவீங்க, சின்னக் குழந்தை இருக்கா, குனிய முடியாத பெரியவங்க இருக்காங்களா'ன்னு கேட்டேன். அவர் கடகடன்னு அவர் வீட்டுக் கதை முழுக்கச் சொல்லிட்டாரு. கடைசில 'இந்த பேசின் உங்களுக்கு ஒத்து வராது சார், அதைப் பாருங்க'ன்னு விலை ஜாஸ்தியானதைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, 'அடுத்த திங்கக்கிழமை வந்து சேர்ந்துரு'ன்னுட்டாரு."

அக்காவுக்கு ஒரு நொடி மனது குளிர்ந்துபோனது. யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது அவள் சொல்லிக்கொடுத்த வித்தை அல்லவா! அந்த ஒரு நொடி கழிந்த பிறகுதான் உறைத்தது.

"திங்கக்கிழமையா? அப்ப ஸ்கூலு?"

"அதான் சொல்ல வந்தேன்" என்றாள் வக்கீல். "காலைல ஒன்பது மணிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வேலை. ஸ்கூலுக்கு எப்படிப் போறது?"

"ரெண்டு மாசந்தான் இருக்கு பரீட்சைக்கு. அரைக் கிணறு தாண்டுன கதையா இருக்கே. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாய்ப்பு வந்தா யோசிச்சுச் சொல்றேன்னு இழுக்காதேன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"உடனே சேர முடியுமான்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"முடியும்னு சொல்லணும்" என்றாள் அக்கா, ஈனஸ்வரத்தில்.

"சொன்னேன். எந்த வேலைக்குப் போறதுக்காக இவ்வளவும் பழகினோமோ, அந்த வேலை வந்திருச்சு. இப்பப் போய் முகத்தை இப்படி வச்சுக்கிறீங்களே."

மீன் தொட்டியில் இரை போட்டுக்கொண்டிருந்த பல் டாக்டர் காதில் பாதிதான் விழுந்திருக்கும்போல. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்! வாழ்த்துகள் வக்கீலம்மா!" என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். அக்கா பார்த்த பார்வையில் கையிலிருந்த இரை டப்பா முழுவதும் தொட்டிக்குள் கவிழ்ந்தது. அன்றைக்கு அந்த மீன்களுக்குத்தான் விருந்து.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்றால் இதுதான். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்த பெண்ணை, ஓடுவதற்கு நன்றாகப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தாள் அக்கா. சொந்தக் காசில் சூனியம். எட்டு நாளில் வரப்போகிற அந்தத் திங்கட்கிழமைக்குள் இதைத் திருப்பவில்லை என்றால், அந்தப் பெண் பள்ளியை முடிக்காதவளாகவே நின்றுவிடுவாள்.

கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் வக்கீலின் அம்மா நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள் போலும், நீல மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அக்காவை அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். நான் டீச்சர் இல்லை, லிஃப்ட் கம்பெனி என்று பலமுறை சொல்லியும் பலனில்லாமல் போய்விட்டது.

"டீச்சர், நான் உங்ககிட்ட எதுக்கு அனுப்பினேன்?"

அக்கா சாவியைப் பைக்குள் போட்டாள்.

"படிப்பை முடிக்க வைங்கன்னு அனுப்பினேன். நீங்க வேலைக்கு அனுப்பிட்டீங்க. வேலைக்கு அனுப்பறதுன்னா எங்க லாண்டரிக்கே கூட்டிட்டுப் போயிருப்பேனே, அதுக்கு உங்க நாற்காலி எதுக்கு?" கோபமாகத்தான் ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே வரும்போது குரல் இறங்கிவிட்டது. "எங்க ரெண்டு பக்கத்துலயும் கடைசிப் பரீட்சை வரைக்கும் போனவங்கன்னு ஒரு ஆள் கிடையாது டீச்சர். அது எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது. இவ போவான்னு நினைச்சுட்டு இருந்தேன். நான் சொன்னா எதிர்த்துப் பேசறா. நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னாலும் எதிர்த்துத்தான் பேசறா."

"அதையும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் அம்மா. மகளுக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்பது அக்காவுக்கு அப்போது புரிந்தது.

அடுத்த நாள் வேலையில் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டைல்ஸ் ஷோரூமின் எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டாள். மேனேஜரைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணை எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. கை போன்மேல் போய்ப் போய்த் திரும்பியது. இது பின்கதவு வேலை, தெரிந்தால் வக்கீல் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள் என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து அவசர விளக்கு எரிந்தது. ஏதோ ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பேர் சார் உள்ள இருக்கீங்க?"

"நானும் ஒரு வாஷிங் மெஷினும்" என்றது ஒரு கட்டைக் குரல்.

அக்கா ஆரம்பித்தாள். புது மெஷினா, பழசா? எந்த மாடிக்குப் போகணும்? வீட்டில் எத்தனை பேர் துணி? அந்த மனிதரும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரம் போனதும் பொறுமை இழந்துவிட்டார்.

"ஏம்மா, வந்ததுலேர்ந்து நீங்களேதான் கேட்டுட்டிருக்கீங்க. நான் ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க சார்."

"இந்த மெஷின்மேல நான் ஏறி உட்கார்ந்துக்கலாமா? அரை மணி நேரமா அதுக்குத்தான் வாயைத் திறக்கப் பார்க்கிறேன். விட்டாத்தானே?"

உட்காரலாம், ஆனால் குதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அக்கா அப்படியே அமர்ந்துவிட்டாள். அந்த மனிதர் பாவம், வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இத்தனை மாதமாக அந்தப் பல் நாற்காலியில் அவளே கேட்டாள், பெண் பதில் சொன்னாள். எதிராளி கேட்பதற்கெல்லாம் அழகாக ஆமாம் போடத்தான் பெண் பழகியிருந்தாள். எனக்கு இது வேண்டும், இன்ன தேதிக்குத்தான் வர முடியும் என்று எதிரே இருப்பவரிடம் கேட்க ஒருநாளும் பழக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்படுவதற்கு மட்டும் பயிற்சி கொடுத்தால், முதலில் கைநீட்டுகிறவன் பின்னால் பிள்ளை போகத்தானே செய்யும்?

ஷோரூம் எண்ணை அக்கா கிழித்துப் போட்டாள்.

புதன்கிழமை மாலை, கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, பல் டாக்டர் உள்ளறையைத் திறந்துவிட்டார். வக்கீல் வந்ததும் வழக்கம்போல நாற்காலியில் ஏறப் போனாள்.

"அங்க இல்ல. நீ ஸ்டூலுக்குப் போ" என்று அக்கா தானே ஏறிச் சாய்ந்தாள். வயிற்றின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டாள். "நான்தான் இப்ப உன் மேனேஜர். பரீட்சை முடிஞ்சதும் வந்து சேர்றேன்னு என்கிட்ட கேளு."

"அவர் இப்படி மல்லாந்து படுத்துக்கிட்டுப் பேச மாட்டாரு."

"மேனேஜர் எப்படி இருந்தா உனக்கென்ன? கேளு."

வக்கீல் தொண்டையைக் கனைத்தாள். "சார்... வந்து... எனக்குப் பரீட்சை இருக்கு. அதனால..." நின்றுவிட்டாள். எத்தனை கேள்வி வந்தாலும் பட்டுப் பட்டென்று அடிக்கிற பெண், தானாக ஒன்று கேட்க வேண்டும் என்றதும் ஸ்டூலில் இப்படியும் அப்படியும் சுழன்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, வாய்ல பஞ்சு வச்சிருக்கா? சத்தமாப் பேசு. இது டைல்ஸ் கடை, இங்க எல்லாம் எதிரொலிக்கும்" என்றாள் அக்கா கட்டைக் குரலில்.

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், எனக்கு ரெண்டு மாசம் டைம் வேணும். பரீட்சை எழுதிட்டு வந்து சேர்றேன்."

"இப்ப வேணும் எனக்கு ஆளு. ரெண்டு மாசம் கடையைப் பூட்டிக்கவா?"

"ரெண்டு மாசம் கழிச்சு வந்தா நான் இன்னும் நல்லா வேலை செய்வேன் சார்."

"ஏன், பரீட்சைல வாஷ்பேசின் விக்கிறதைப் பத்தி கேட்கப் போறாங்களா?"

"இல்ல சார். ஆனா ஆரம்பிச்சதை முடிக்கிற ஆளுன்னு தெரிஞ்சுப்பீங்கள்ல?"

அடடே என்று அக்காவுக்குத் தோன்றியது. அந்த உற்சாகத்தில் அடுத்த கேள்வியை யோசிக்காமல் போட்டாள். "சரிம்மா. எழுதிட்டு ஃபெயிலாயிட்டா?"

ஸ்டூல் சுழல்வது நின்றது.

அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். வக்கீல் கொக்கிகள் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அவள் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"கணக்கா?" என்று அக்கா தன் குரலிலேயே கேட்டாள்.

"கணக்குதான். எனக்கு வராதுக்கா. பாதிக்கு மேல என்ன நடக்குதுன்னே தெரியல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பரீட்சை எழுதி ஃபெயிலானா என்ன சொல்வாங்க? ஃபெயிலானவன்னு சொல்வாங்க. இப்பவே வேலைக்குப் போயிட்டா? நல்ல வேலை கிடைச்சுது, அதான் படிப்பை விட்டுட்டான்னு சொல்வாங்க. எது நல்லா இருக்கு? நீங்களே சொல்லுங்க."

இத்தனை நாளும் வேலை கிடைத்த சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது, ஓடி ஒளிய ஒரு நல்ல இடம் கிடைத்த நிம்மதி. அக்காவுக்கு அந்தப் பிள்ளையை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் பல் நாற்காலியில் மல்லாந்து கிடக்கிற எவராலும் அவசரத்துக்கு எழுந்துவிட முடியாது. காலை உதறிப் பார்த்தாள், நாற்காலி இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்தது.

"ரெண்டாவதுதான் நல்லா இருக்கு" என்று அந்த நிலையிலேயே உண்மையைச் சொன்னாள். "கேட்கறவங்களுக்கு நல்லா இருக்கும். உனக்குத்தான் தெரியுமே எது நிஜம்னு."

வக்கீல் பெடலை மிதித்து நாற்காலியை நிமிர்த்திவிட்டாள்.

"ஒண்ணு செய்" என்றாள் அக்கா, புடவையைச் சரி செய்துகொண்டே. "சனிக்கிழமை போய், இப்பக் கேட்ட மாதிரி அவர்கிட்ட கேளு. தர்றேன்னா பரீட்சை எழுது. தர மாட்டேன்னா திங்கக்கிழமை போய் வேலைல சேரு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"நீங்க? ஒரு வார்த்தை?"

"சரி, ரெண்டு வார்த்தை சொல்வேன். போய்க் கேளு."

சனிக்கிழமை காலையில் ஷோரூமுக்கு எதிரே பஸ் ஸ்டாண்டின் இரும்பு பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கண்ணாடிச் சுவர் வழியாக எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. வரிசையாக வைத்திருந்த குளியல் தொட்டிகளுக்கு நடுவே அந்தப் பெண் நடந்து போனாள். மேனேஜர் எழுந்து வந்தார். நாற்காலியைக் காட்டினார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வக்கீல் பேசினாள், கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். வக்கீல் எழுந்து நின்றாள். அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரையும் எதுவும் கேட்க முடியாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தவித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்த வக்கீல், சாலையில் வந்த ஆட்டோவைக்கூடக் கவனிக்காமல் விறுவிறுவென்று கடந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்னாச்சு? குடுத்தாரா? மாட்டேன்னுட்டாரா?"

"மாட்டேன்னேன்."

"யாரு, அவரா?"

"நான்க்கா. நான் மாட்டேன்னேன்." பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நான் நல்லாத்தான் கேட்டேன். அவரும் நல்லாத்தான் கேட்டாரு. காத்திருக்க முடியாதும்மா, ஆள் உடனே வேணும்னாரு. அது பரவாயில்ல, அதுக்கு நான் ரெடியாத்தான் போனேன். திங்கக்கிழமையே வர்றேன் சார்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர் சிரிச்சுக்கிட்டே, 'உனக்கெல்லாம் பரீட்சை எதுக்கும்மா? நீ பார்க்கப் போற வேலைக்கு இதுவே போதும்'னுட்டாரு."

"அது..."

"நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு. அதான் தாங்கல." கலங்கிய கண்ணோடு அவள் ஷோரூமைத் திரும்பிப் பார்த்தாள். "இதுவே போதும்னு நான் சொல்லிக்கலாம்க்கா. அவர் யாரு அதைச் சொல்ல? என்னைப் பத்தி என்ன தெரியும் அவருக்கு? அரை மணி நேரம் வாஷ்பேசின் பத்திப் பேசினதுதானே?"

இதைத்தான் அக்கா ஒரு வாரமாக வேண்டிக்கொண்டிருந்தாள். இதோ நடந்துவிட்டது. ஆனால் அவளால் துள்ளிக் குதிக்க முடியவில்லை. இனி வேலையும் இல்லை. பரீட்சையிலும் தவறிவிட்டால் இந்தப் பெண்ணிடம் என்ன இருக்கும்? ஊரார் பிள்ளையின் வாழ்க்கையில் கைவைத்தாகிவிட்டது, இனி எடுக்கவும் முடியாது.

"எனக்குப் பயமா இருக்குடி" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கா? பரீட்சை எனக்கு."

"உனக்குக் கணக்கு வராது. எனக்கும் வராது. நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கப் போறேன்?"

"டாக்டர் கணக்குல புலின்னு சொல்வாரே."

"அவர் சொல்வாரு. மீனுக்கு எவ்வளவு இரை போடணும்னு தெரியாத மனுஷன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நிற்காமல் கொஞ்ச நேரம் ஓடியது. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். கடைசியில் வக்கீல் போனை எடுத்து அம்மாவுக்குப் போட்டாள். லாண்டரியின் இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமென்று ஸ்பீக்கரைத் திறந்து வைத்தாள்.

"அம்மா, அந்த வேலைக்கு மாட்டேன்னு சொல்லிட்டேன். பரீட்சை எழுதப் போறேன். பாஸாவேன்னு இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லி வைக்காத. கணக்கு கஷ்டம்."

அந்தப் பக்கம் இஸ்திரி இயந்திரம் ஒன்று உஸ்ஸென்று ஆவி விடுவது மட்டும் கேட்டது. வக்கீல் போனைக் காதருகே கொண்டு போனாள்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன்." இரைச்சல் குறைந்தது, அம்மா தள்ளி வந்திருப்பாள் போலும். "பக்கத்துல டீச்சர் இருக்காங்களா? அவங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். பரீட்சைக்கு நான் லீவு போடணுமா?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "நீங்க எதுக்குங்க லீவு போடணும்?"

"தெரியல டீச்சர். எங்க வீட்டுல யாரும் எழுதினதில்லையே, என்ன செய்யணும்னு தெரியல. பிள்ளை உள்ள போய் எழுதறப்ப வெளிய ஒரு ஆள் நிக்கணுமா? நிக்கணும்னா இப்பவே சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சுருவேன்."

அந்த லாண்டரியில் காய்ச்சல் வந்தாலே லீவு கேட்கத் தயங்குவார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். அப்படி நிற்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, யாரும் நிற்பதில்லை என்பதும் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். வாய் வேறொன்றைச் சொன்னது.

"கணக்குப் பரீட்சைக்கு மட்டும் போடுங்க, போதும்" என்றாள்.

வக்கீல் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எல்லாத்துக்கும் போடும்மா" என்றாள்.